நரம்பியல் நோய்களுக்கான சிகிச்சை ஆய்வுகள்: சேருமுன் அறிந்திருக்க வேண்டியவை

1980களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையை விட்டு வந்து டென்மார்க்கில் குடியேறிய தமிழரின் முதல் தலைமுறை இன்று முதுமையை எட்டியுள்ளது. எஸ்பியர்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. பாரிசவாதம் எனப்படும் பக்கவாதம், பார்க்கின்சன் நோய், முதுமை மறதி நோய் ஆகியவை அந்த வயதில் அடிக்கடி காணப்படுபவை. வலிப்பு நோய், ஒற்றைத் தலைவலி, ஸ்க்லரோசிஸ் போன்றவை இளையோரையும் தாக்குகின்றன. இந்நோய்களுக்குச் சிகிச்சை பெறும் ஒருவரிடம், வைத்தியசாலையில் நேரிலோ டிஜிட்டல் போஸ்ட் வழியாகக் கடிதத்திலோ, “ஓர் ஆய்வில் பங்குபற்ற விரும்புகிறீர்களா?” என்ற கேள்வி வரக்கூடும்.

அக்கேள்விக்கு “ஆம்” என்று சொல்வதும் “இல்லை” என்று சொல்வதும் முழுமையாக உங்கள் உரிமை. எந்த விடையாயினும் அது விளங்கிச் சொல்லப்பட்ட விடையாக இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய விளக்கங்களை இக்கட்டுரை தருகிறது. உங்கள் நோய் குறித்த மருத்துவ ஆலோசனைக்கு இது ஈடாகாது. அதனை உங்கள் வைத்தியரிடமே பெற வேண்டும்.

சிகிச்சை ஆய்வு என்றால் என்ன?

டேனிஷ் கடிதங்களில் “ஃபோர்சோக்” என்று குறிக்கப்படும் சொல்லை நம்மவர் பலர் “சோதனை” என்று மொழிபெயர்த்துக்கொள்கின்றனர். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முதலியவற்றையும் நாம் சோதனை என்றே சொல்வதால் குழப்பம் நேர்கிறது. இரத்தப் பரிசோதனை உங்கள் உடலின் நிலையை அறிவதற்காகச் செய்யப்படுவது. சிகிச்சை ஆய்வோ, ஒரு மருந்து அல்லது சிகிச்சைமுறை பயன் தருமா, தீங்கு செய்யுமா என்பதைப் பலரிடம் ஒப்பிட்டுப் பார்த்து அறிவதற்காகச் செய்யப்படுவது. அதன் பயன் உங்களுக்கே கிட்டும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

பெரும்பாலான ஆய்வுகளில் பங்குபற்றுவோர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களாகப் பிரிக்கப்படுவர். யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதைத் திருவுளச்சீட்டு போன்ற முறையில் கணினி தீர்மானிக்கும். வைத்தியரோ நோயாளரோ தெரிவு செய்ய இயலாது. ஒரு குழு புதிய சிகிச்சையைப் பெறும். மற்றைய குழு வழக்கமான சிகிச்சையை மட்டுமோ, அதனுடன் மருந்துப்போலியையோ பெறும். மருந்துப்போலி என்பது தோற்றத்தில் மருந்தைப் போன்றிருந்தும் மருந்துப்பொருள் எதுவும் அற்ற மாத்திரை அல்லது ஊசி. பல ஆய்வுகளில், தாம் எதைப் பெறுகிறோம் என்பது நோயாளருக்கும் தெரியாது; அளவீடு செய்பவருக்கும் தெரியாது. எதிர்பார்ப்பு முடிவைத் திரித்துவிடாமல் காப்பதற்கே இந்த ஏற்பாடு.

டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு

2018 மார்ச் முதல் 2022 நவம்பர் வரை, டென்மார்க்கின் நான்கு பக்கவாத மையங்களில் ரெசிஸ்ட் என்ற ஆய்வு நடைபெற்றது. கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தி, இவ்வாறு ஐந்து முறை செய்தால் மூளையின் பாதிப்புக் குறையுமா என்பதே கேள்வி. சிகிச்சை ஆம்புலன்சிலேயே தொடங்கப்பட்டது. 1500 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்குப் பட்டை நன்றாக இறுக்கப்பட்டது. மறுபாதியினருக்குப் பெயரளவில் மட்டும் இறுக்கப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களின் பின்னர் இரு குழுக்களின் உடல்நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதற்கு ஓராண்டு முன்னர், சீனாவின் 55 வைத்தியசாலைகளில் 1776 பேரிடம் நடத்தப்பட்ட வேறோர் ஆய்வு, இதே முறை பயன் தருவதாகக் கூறியிருந்தது. அந்த ஆய்வில் சிகிச்சை பல நாள்கள் தொடர்ந்தது. சேர்க்கப்பட்ட நோயாளரின் வகையும் வேறு. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிப் பட்டை கட்டப்படவுமில்லை. தாம் எதைப் பெறுகிறோம் என்பது சீன நோயாளருக்குத் தெரிந்திருந்தது. டென்மார்க் நோயாளருக்குத் தெரியாது. ஒரே ஆய்வின் முடிவை வைத்துக்கொண்டு ஒரு சிகிச்சையை ஏற்பதோ தள்ளுவதோ ஏன் ஆகாது என்பதற்கு இவ்விரண்டும் சேர்ந்து தக்க சான்றாகின்றன.

ரெசிஸ்ட் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. சேர்க்கப்பட்ட 1500 பேரில், உண்மையில் பக்கவாதம் என்று பின்னர் உறுதியானோர் 902 பேர் மட்டுமே. ஏனையோரின் அறிகுறிகளுக்குத் தற்காலிக இரத்தத் தடை முதலிய வேறு காரணங்கள் இருந்தன. ஓடும் ஆம்புலன்சில், ஸ்கேன் எடுப்பதற்கு முன்னர், நோயை உறுதிப்படுத்துவது அவ்வளவு கடினம்.

நரம்பியல் ஆய்வுகள் ஏன் கடினமானவை? அவை எவ்வாறு மேம்படுகின்றன?

மூளையின் நோய்கள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. அறிகுறி வெளிப்படும்போது நரம்பணுக்கள் பல ஏற்கனவே அழிந்திருக்கும். ஆகவே அந்த நிலையில் தரப்படும் நல்ல மருந்துகூடப் பயனற்றதாகத் தோன்றலாம். நடை, நினைவு, பேச்சு, களைப்பு ஆகியவற்றை இரத்தச் சர்க்கரையைப் போல ஓர் எண்ணால் அளக்க முடியாது. நோயாளரின் நிலை நாளுக்கு நாள் மாறும்; காலையில் நடந்தவர் மாலையில் தடுமாறுவார். அரிய நோய்களுக்குப் போதிய நோயாளரும் கிடைப்பதில்லை.

இக்குறைகளை நீக்கப் பல மாற்றங்கள் செய்யப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று கூட்டு ஆய்வு முறை. முன்னர் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி ஆய்வும் தனித்தனி ஒப்பீட்டுக் குழுவும் தேவைப்பட்டன. புதிய முறையில் பல மருந்துகள் ஒரே ஒப்பீட்டுக் குழுவுடன் ஒருங்கே ஆராயப்படுகின்றன. பயனற்ற மருந்து இடையிலேயே நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் வேறொன்று சேர்க்கப்படுகிறது. இதனால் மருந்துப்போலி பெறுவோரின் பங்கு குறைகிறது, காலமும் மிச்சமாகிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்க்கு ஐக்கிய இராச்சியத்தில் 2020இல் தொடங்கிய எம்.என்.டி.-ஸ்மார்ட் ஆய்வு இவ்வகையைச் சேர்ந்தது.

பங்குபற்றுவோரின் பொறுமை வீண்போவதில்லை என்பதற்கு டென்மார்க்கிலேயே சான்று உண்டு. கோபன்ஹேகன் பகுதியிலுள்ள குளோஸ்ட்ரூப்பின் தலைவலி ஆய்வாளர்கள், நரம்பில் சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்னும் பொருளைச் செலுத்தினால் ஒற்றைத் தலைவலி உண்டாகிறது என்பதைத் தாமாக முன்வந்த நோயாளரிடம் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். அப்பொருளின் செயலைத் தடுக்கும் முதல் தடுப்பு ஊசி மருந்து 2018இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. இத்துறையில் உழைத்த டேனிஷ் பேராசிரியர் யெஸ் ஊலெசன் உள்ளிட்ட நால்வருக்கு 2021இல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு வழங்கப்பட்டது.

பயன் இல்லை என்று காட்டும் ஆய்வும் மதிப்புடையதே. பக்கவாத நோயாளருக்கு உறவினரே பயிற்சி அளித்தால் போதுமா என்பதை அறிய, இந்தியாவின் 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளரிடம் அட்டெண்ட் என்ற ஆய்வு நடத்தப்பட்டு, முடிவு 2017இல் வெளியானது. உறவினருக்கு வைத்தியசாலையில் பயிற்சிமுறை கற்பிக்கப்பட்டு, வீட்டில் தொடரச் செய்யப்பட்டது. ஆறு மாதங்களின் பின்னர் இறந்தோர் அல்லது பிறர் துணையின்றி இயங்க முடியாதோர் இரு குழுக்களிலும் 47 விழுக்காட்டினராகவே இருந்தனர். குடும்பத்தின் அன்பும் உழைப்பும் இன்றியமையாதவை; எனினும் குறுகிய காலப் பயிற்சி பெற்ற உறவினரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்ததால் மேலதிகப் பயன் கிட்டவில்லை. ஆகவே, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் உங்கள் பெற்றோருக்கு “கென்ஒப்திரேனிங்” எனப்படும் மறுபயிற்சித் திட்டம் வழங்கப்பட்டால், “வீட்டில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று அதனைத் தவிர்க்க வேண்டாம். அத்திட்டத்தின்படி மறுபயிற்சி அளிப்பது கொம்யூனின் கடமையாகும்.

ஆய்வுகளில் தமிழர் இருப்பது ஏன் முக்கியம்?

ஒரு மருந்து யாரிடம் ஆராயப்பட்டதோ அவர்களுக்கே அதன் முடிவு மிக நன்றாகப் பொருந்தும். கார்பமசப்பின் என்பது வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் நெடுங்காலமாகத் தரப்படும் மருந்து. எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உடையோரிடம் இம்மருந்து உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். ஐரோப்பிய வம்சத்தினரிடம் மிக அரிதான இம்மரபணு வகை, ஆசியர் பலரிடம் உண்டு. தெற்காசியரில் ஒரு பகுதியினரிடமும் காணப்படுகிறது. ஆசிய வம்சத்தினருக்கு மருந்தைத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007இல் அறிவுறுத்தியது. ஐரோப்பியரை மட்டும் கொண்ட ஆய்வுகளில் இந்த ஆபத்து வெளிப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

இம்மருந்தை ஏற்கனவே உட்கொள்பவர்கள் அஞ்சித் தாமாக நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு மீளக்கூடும். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே தோன்றும். ஐயம் இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள்.

இரண்டாவது காரணம் மொழி. முதுமை மறதியை அளக்கும் தேர்வுகளில் சொற்களை நினைவுகூர்தல், படங்களுக்குப் பெயர் சொல்லுதல், வாக்கியம் எழுதுதல் முதலியன கேட்கப்படும். யாழ்ப்பாணத்தில் படித்து, டேனிஷ் மொழியை நாற்பது வயதுக்குப் பின்னர் கற்ற ஒருவரின் குறைந்த மதிப்பெண், மறதியினால் வந்ததா, மொழியினால் வந்ததா என்பதை அத்தேர்வினால் மட்டும் சொல்ல முடியாது. இக்காரணத்தால் சில ஆய்வுகள் டேனிஷ் நன்கு பேசுவோரையே சேர்க்கின்றன. நம் முதியோர் அவற்றின் வாசலிலேயே விலக்கப்படுகின்றனர். பன்மொழி மக்களுக்கென 2004இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ரூடாஸ் என்ற தேர்வு இக்குறையைக் குறைக்க முயல்கிறது. டென்மார்க்கின் தேசிய முதுமை மறதி அறிவு மையத்தின் ஆய்வாளர்களும் அதனை ஆராய்ந்துள்ளனர். மொழிபெயர்ப்பாளருடன் இத்தேர்வைச் செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம்.

உங்கள் உரிமைகள்

மருந்து ஆய்வுகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 536/2014 இலக்க ஒழுங்குவிதி, 2022 ஜனவரி 31 முதல் டென்மார்க்கிலும் நடைமுறையில் உள்ளது. மருந்து ஆய்வு எதுவும் மருந்து அதிகாரசபையின் அனுமதியும் அறநெறிக் குழுவின் மதிப்பீடும் இன்றித் தொடங்கப்படலாகாது. பங்குபற்றுவோருக்குரிய முக்கிய உரிமைகள் பின்வருமாறு:

1. ஆய்வின் நோக்கம், பயன், ஆபத்து, கால அளவு, மாற்றுச் சிகிச்சைகள் ஆகியவற்றைச் சாதாரண மனிதர் விளங்கிக்கொள்ளும் வகையில், நேரில் பேசியும் எழுத்திலும் அறியும் உரிமை.

2. சிந்திப்பதற்குப் போதிய காலம் பெறும் உரிமை. அவசர நிலை தவிர்ந்த ஆய்வுகளில், பேசிய அன்றே கையொப்பமிட வேண்டியதில்லை.

3. விளக்கச் சந்திப்புக்கு “பிசிதர்” எனப்படும் துணையாள் ஒருவரை அழைத்துச் செல்லும் உரிமை.

4. மறுக்கும் உரிமையும், சேர்ந்த பின்னர் எந்நேரமும் காரணம் கூறாமலே விலகும் உரிமையும். இதனால் உங்கள் வழக்கமான சிகிச்சைக்கு எவ்விதக் குறைவும் நேரலாகாது. மருந்தை எவ்வாறு பாதுகாப்பாக நிறுத்துவது என்பதை மட்டும் விலகும்போது கேட்டறியுங்கள்.

5. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால், டென்மார்க்கின் நோயாளர் இழப்பீட்டு முறையின் கீழ் இழப்பீடு கோரும் உரிமை.

6. முடிவை அறியும் உரிமை. மருந்து ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள், பொதுமக்களுக்கு விளங்கும் மொழியில் அதன் சுருக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுத்தளத்தில் வெளியிடப்பட வேண்டும் என்பது பொது விதி.

வைத்தியரிடம் “இல்லை” என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். சட்டத்தின் பார்வையில் அவ்வாறில்லை. தயக்கத்தினாலோ கடப்பாட்டுணர்வினாலோ தரப்படும் சம்மதத்தை எந்த வைத்தியரும் விரும்புவதில்லை. இடையில் மனம் மாறி, சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடும் நோயாளரால் ஆய்வின் முடிவே பிழைபடும்.

மொழிபெயர்ப்பும் குடும்பமும்

விளக்கச் சந்திப்பில் மகனோ மகளோ மொழிபெயர்ப்பது பல குடும்பங்களின் வழக்கம். நல்ல எண்ணத்தோடு செய்யப்படினும் இதில் இடர் உண்டு. “ஆபத்து” என்ற சொல்லை அம்மா பயப்படுவார் என்று விட்டுவிடுவதும், அப்பாவின் கேள்வியைக் கேட்காமல் தாமே விடை சொல்வதும் இயல்பாக நேர்பவை. அப்போது கையொப்பம் பெற்றோருடையது, முடிவு பிள்ளையுடையது. பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தலாகாது என்பது சுகாதாரத் துறையின் பொது விதி. வளர்ந்த பிள்ளைகள் துணையாளராக அருகில் இருக்கட்டும். மொழிபெயர்ப்பைத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் விடுவதே நன்று. இரகசியம் காப்பது அவரது கடமை.

டென்மார்க்கில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வசிப்போரிடம் சுகாதாரச் சேவையின் மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் அறவிடும் விதி 2018 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல் அல்லது உளப் பாதிப்பினால் டேனிஷ் மொழியாற்றலை இழந்தவர்களுக்கும், அதனைக் கற்க இயலாதவர்களுக்கும் விலக்கு உண்டு. அதற்கு வைத்தியரின் சான்று தேவை. பக்கவாதத்தினாலோ முதுமை மறதியினாலோ பிற்காலத்தில் கற்ற மொழியை இழந்து தமிழுக்கே திரும்பியவர்களுக்கு இந்த விலக்கு மிகவும் பயன்படும். ஆய்வுச் சந்திப்பின் மொழிபெயர்ப்புச் செலவை யார் ஏற்பது என்பதைச் சந்திப்புக்கு முன்னரே ஆய்வுக் குழுவிடம் கேளுங்கள்.

தாமாக முடிவெடுக்க இயலாதவர்கள்

முதுமை மறதி முற்றியவர், பக்கவாதத்தினால் பேச்சையும் புரிதலையும் இழந்தவர் ஆகியோர் சார்பில் குடும்பத்தினர் மட்டும் சம்மதம் தந்துவிட முடியாது. பாதுகாவலர் நியமிக்கப்படாத நிலையில், நெருங்கிய உறவினரும், ஆய்வோடு தொடர்பற்ற வைத்தியர் ஒருவரும் சேர்ந்தே சம்மதம் தர வேண்டும். நோயாளர் தமது விருப்பமின்மையைச் சொல்லாலோ செயலாலோ காட்டினால் அது மதிக்கப்பட வேண்டும். உறவினர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “எனக்கு இது சரியா?” என்பதன்று, “அவர் தெளிவாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?” என்பதே. நோயின் தொடக்கத்திலேயே இதைப் பற்றிக் குடும்பத்தில் பேசி வைத்தால் பின்னர் பெரும் மனச்சுமை குறையும்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

• நான் சேராவிட்டால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சை எது?
• மருந்துப்போலி பெறும் வாய்ப்பு எவ்வளவு? இப்போது எடுக்கும் மருந்துகளை நிறுத்த வேண்டுமா?
• இதுவரை அறியப்பட்ட பக்கவிளைவுகள் எவை? இரவில் அல்லது விடுமுறை நாளில் யாரை அழைப்பது?
• எத்தனை முறை வர வேண்டும், எங்கே? பயணச் செலவு திருப்பித் தரப்படுமா? (ஒடென்ஸ பல்கலைக்கழக வைத்தியசாலையில் நடக்கும் ஆய்வாயின், எஸ்பியர்க்கிலிருந்து ரயிலில் ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும்.)
• என்னைப் போன்ற தெற்காசியரிடம் இம்மருந்து முன்னர் ஆராயப்பட்டுள்ளதா?
• ஆய்வு முடிந்த பின்னர், பயன் தந்த மருந்து எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா?
• என் இரத்த மாதிரியும் தகவல்களும் எவ்வளவு காலம், எங்கே வைக்கப்படும்?

எங்கே தொடங்குவது?

மஞ்சள் சுகாதார அட்டையில் குறிப்பிடப்பட்டுள்ள உங்கள் குடும்ப வைத்தியரிடமோ, நீங்கள் செல்லும் நரம்பியல் பிரிவின் வைத்தியர் அல்லது தாதியிடமோ, உங்கள் நோய்க்குரிய ஆய்வுகள் ஏதேனும் நடைபெறுகின்றனவா என்று கேட்கலாம். அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடிதம் வந்தால், அதனையும் நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து வருவித்த சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் அப்பட்டியலில் தவறாமல் சேருங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையெனில், சந்திப்பு நாள் குறிக்கப்படும்போதே தெரிவியுங்கள்.

உலக மருத்துவச் சங்கம் 2024இல் ஹெல்சின்கி அறநெறிப் பிரகடனத்தைத் திருத்தியபோது, ஆய்வுக்கு உட்படுத்தப்படுவோர் என்னும் பொருள் தரும் பழைய சொல்லை நீக்கி, “பங்குபற்றுவோர்” என்ற சொல்லை ஏற்றது. சேர்வது என்று நீங்கள் முடிவு செய்தால் அந்தச் சொல்லுக்குரிய இடம் உங்களுக்கு உண்டு: கேட்கலாம், மறுக்கலாம், விலகலாம், முடிவை அறியலாம். சேர்வதில்லை என்று முடிவு செய்தாலும் உங்கள் சிகிச்சை முன்போலவே தொடரும்.